கீழ் இடது மூலையில் இருந்தவர்

வண்டி மோதியவர்கள் எழுதிக் கொடுக்கும் விளக்கங்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், இழப்பீட்டுப் பிரிவில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ‘திடீரென்று’ என்ற சொல் இல்லாத விளக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. மாடு திடீரென்று குறுக்கே வந்திருக்கும். ஆட்டோ திடீரென்று திரும்பியிருக்கும். ஒருவர் எழுதிக் கொடுத்ததில் மின்கம்பமே திடீரென்று எதிரில் வந்திருந்தது. எதுவும் திடீரென்று வருவதில்லை ஐயா, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுப்பேன். ஊராரின் சாக்குகளைத் தினமும் படிப்பவனுக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது.

அந்தத் திமிரோடுதான் இணையத்தில் போக்கர் டோர்னமென்ட் ஆடினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், போக்கர் ஒரு சீட்டாட்டம். எல்லோரும் ஒரே சிறிய கட்டணம் கட்டி, ஒரே அளவு சிப்ஸோடு, அதாவது பணயம் வைக்கிற வில்லைகளோடு, தொடங்குவார்கள். திரையில் ஒரு பச்சை மேஜை, அதைச் சுற்றி முகம் தெரியாத சிலர். சிப்ஸ் தீர்ந்தவர் வெளியே போக வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடிக்கிறவர்களுக்குப் பரிசு. கையில் வந்த சீட்டைவிட, சுற்றி இருப்பவர்களில் யாரிடம் எவ்வளவு குவிந்திருக்கிறது, அவர் இப்போது துணிவாரா பதுங்குவாரா என்று பார்த்து ஆடுவதுதான் முக்கியம். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஆனால் பொறுமைசாலி. பாதிப் பேர் போன பிறகும் என் நாற்காலியில் நான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தால், என் மனைவி, “சீட்டுக்கட்டு முடிஞ்சதும் மாடியில இருக்கிற துணியை எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதிக்குப் பக்கத்தில். மனைவிக்குத் தில்லை நகரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தினமும் காலையில் என் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி அவளை இறக்கிவிட்டு, நான் என் அலுவலகத்துக்குப் போவேன். சேலை கட்டுகிறவள், அதனால் கால்களை இடப்பக்கம் தொங்கவிட்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து வருவாள். ஹேண்டில் என் கையில் இருந்தாலும் வண்டியை ஓட்டுவது அவள்தான். “லெஃப்ட்ல சைக்கிள் வருது.” “லெஃப்ட்ல குழி.” “ஒரு அம்மா நடந்து போறாங்க, பாருங்க.” சொல்வதோடு நிற்காமல் என் சட்டையை வேறு பிடித்து இழுப்பாள். முன்பெல்லாம் இப்படி இல்லை. வயது ஏற ஏற எல்லா மனைவிகளுக்கும் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டேன். “நீயே ஓட்டேன், நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன்” என்று அடிக்கடி சொல்வேன். ஆடியில் தண்ணீர் கரைதொட்டு வந்தபோது, பாலத்தின்மேல், “தண்ணி வந்துடுச்சு, நிமிர்ந்து பாரு” என்றேன். “நீங்க ரோட்டைப் பாருங்க” என்றாள். ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற தண்ணீர் அது. அவள் நிமிரக்கூட இல்லை. அலுவலகம் போய்ச் சேர்ந்து நாற்காலியில் உட்காருவதற்குள் போன் வரும்: “போயிட்டீங்களா?” சக ஊழியர்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள்.

தோற்க ஆரம்பித்தது போன தீபாவளிக்குப் பிறகு. ஆட்டத்தில் தோற்பது பெரிய விஷயமில்லை, தோற்ற விதம்தான் உறுத்தியது. நல்ல நிலையில் இருப்பேன். சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு, பெரிய சீட்டு இருப்பதுபோலப் பணயத்தை ஏற்றி, சும்மா கொஞ்சம் மிரட்டிப் பார்ப்பேன். யாரோ ஒருவர், எங்கிருந்து என்றே தெரியாமல், தன் மொத்தக் குவியலையும் நடுவில் தள்ளுவார். அத்தோடு என் கதை முடியும். ஒரு முறை என்றால் சரி. வாரா வாரம் இதே கதை. பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவன் முதல் ஆளாக வெளியே போய்க்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு முதல் பயம் வந்தது. புத்தி மங்குகிறதோ என்கிற பயம். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, கையெழுத்துப் போடும் இடம் தெரியாமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம். அந்தக் காகிதமும் அவர் விரல்களும் இப்போது அடிக்கடி நினைவுக்கு வந்தன. ஐம்பதுகூட ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை வந்தது. ஒரு நாள் திறந்து பார்த்தால் மேஜைகளே இல்லை. என் மனைவி அன்று சாயங்காலம் தாயார் சந்நிதிக்குப் போய் நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். எனக்கும் உள்ளூர நிம்மதிதான். ஆனால் ஏன் தோற்றேன் என்கிற கேள்வி மட்டும் போகவில்லை. ஆடிய ஆட்டங்களின் பதிவுகள் லேப்டாப்பில் அப்படியே இருந்தன. ஒரு மென்பொருளில் போட்டால், யார் என்ன செய்தார்கள் என்று ஆட்டத்தை மறுபடி ஓட்டிக் காட்டும்.

தொட்டியத்தில் வாழை வைத்திருக்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன் உண்டு. இந்த ஆட்டத்தில் என்னை இழுத்துவிட்டவனே அவன்தான். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஜெயித்த ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கவே மாட்டோம், அது வெறும் பெருமை. ஒருவன் தோற்ற ஆட்டத்தை இன்னொருவன் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பான். அதிர்ஷ்டம் சரியில்லை என்று யார் சொன்னாலும் அன்றைய காபி அவன் செலவு. தடை வந்த பிறகும் அவன் விடவில்லை. “ஆட்டம்தான் போச்சு மாப்ளே, ஏன் தோத்தோம்னாவது தெரிஞ்சுக்கலாம்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவன் தார் ஒன்றோடு வந்து இறங்கினான். மனைவி உறையூரில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் ஆட்டம் ஓடியது. நான் மிரட்டிப் பார்த்த இடம் வந்ததும் நிறுத்தினான்.

“இந்த ஓட்டைச் சீட்டை வச்சுக்கிட்டு இங்க ஏன்டா மிரட்டுனே?”

“ஏன், மிரட்டக் கூடாதா? எனக்குப் பின்னாடி ஆட வேண்டியவங்க எல்லாம் பதுங்குற ஆளுங்க. அடுத்த சேர் காலி வேற.”

“எது காலி?”

“எனக்கு அடுத்த சேர். பாரேன்.”

அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “வெளையாடாத மாப்ளே. கீழ லெஃப்ட் மூலையில ஒருத்தன் மலை மாதிரி சிப்ஸ் வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்.”

நான் பார்த்தேன். பச்சை மேஜை. அந்த மூலையிலும் அதே பச்சை. யாரும் இல்லை. பிறகு அவன் விரல் திரைமேல் போனது. விரலைத் தேடிக்கொண்டு என் கண்ணும் அந்த மூலைக்குப் போனது. அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகத்துக்குப் பதில் ஒரு புலிப் படம், அதன் கீழே ஒரு பட்டப்பெயர், பக்கத்தில் சிப்ஸ் குவியல். கண்ணை மேஜையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். அவர் போய்விட்டார். மறுபடி மூலைக்குப் போனேன், இருந்தார். நடுவுக்கு வந்தேன், இல்லை.

அந்த இடம் கறுப்பாகவோ மங்கலாகவோ இருந்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அங்கே சுத்தமான பச்சை இருந்தது. மேஜையின் விளிம்பு வளைந்து போவதுகூடத் தெரிந்தது. இல்லாததை இருப்பதுபோல யாரோ எனக்குள் உட்கார்ந்து வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்ததைப் போடு” என்றேன்.

அடுத்ததைப் போட்டான். அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றிலும் என்னைக் காலி செய்தவர் அதே மூலையில்தான் இருந்தார். ஆள் வேறு, படம் வேறு, மூலை ஒன்றுதான். தீபாவளிக்கு முந்தைய ஆட்டங்களில் அந்த மூலையில் இருந்தவரைப் பார்த்து நான் ஒழுங்காகப் பதுங்கியிருக்கிறேன். பிறகு ஏதோ ஒரு வாரத்திலிருந்து அவரை மறந்தே போயிருக்கிறேன்.

என் நண்பன் எதற்கும் கிண்டல் செய்கிறவன். என் கல்யாணத்தில் மாலை மாற்றும்போதே கிண்டல் செய்தவன். அன்று கிண்டல் இல்லை. லேப்டாப்பை மெதுவாக மூடினான். “ஒடம்பு சூடா இருக்கும்டா. வெயில்ல அலையற. எண்ணெய் தேச்சுக் குளி” என்றான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, “நாளைக்கே கண்ணைக் காட்டிடு. தள்ளிப் போடாத” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டான்.

தனியாக இருந்தேன். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. நடுவில் இருக்கும் பெரிய தேதியை உற்றுப் பார்த்தேன். கீழே ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். வலப்பக்கம் எழுத்துகளாக ஏதோ இருப்பது தெரிந்தது. இடப்பக்கம் வெறும் வெள்ளைக் காகிதம். கண்ணைக் கீழே இறக்கினால் அங்கேயும் எழுத்து இருந்தது. ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன், மற்றதைப் பொத்திப் பார்த்தேன். இரண்டிலும் அதே கதை.

பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. தட்டில் வைத்த சட்னி அப்படியே இருக்கும். “ஏங்க, நல்லா இல்லையா?” என்று மனைவி கேட்பாள். வைத்தாயா என்று கேட்டு அவளை எரிச்சல்படுத்தியிருக்கிறேன். மார்கழியில் எதிர்வீட்டு அம்மாளின் கோலத்தை மிதித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். தெருவை அடைத்துக்கொண்டு கோலம் போட்டால் என்ன செய்வது என்று நானும் பதிலுக்குப் பேசினேன். வெயில், அவசரம், தெரு குறுகல் என்று ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. என் மேஜைக்கு வந்திருந்தால் ஒன்றைக்கூட நான் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

கீழே இறங்கி ஸ்கூட்டரிடம் போனேன். விபத்து வண்டிகளைப் பார்வையிடுவதுபோலச் சுற்றி வந்து பார்த்தேன். வலப்பக்கம் கீறல் இல்லை, கடையில் வாங்கியபோது இருந்த பளபளப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இடப்பக்கம் கைப்பிடியின் நுனி தேய்ந்திருந்தது. பக்கவாட்டில் நீளமாகக் கோடுகள். கால் வைக்கும் கம்பி உள்பக்கமாக வளைந்திருந்தது. வேறொருவன் வண்டியாக இருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பேன், ஓட்டியவனுக்கு இடப்பக்கம் தெரியவில்லை என்று.

அந்தக் கம்பியில்தான் என் மனைவி கால் வைத்து வருவாள். சித்திரையில் ஒரு நாள், பாலத்தின் முனையில் அடுக்கியிருந்த மணல் மூட்டையில் உரசி அவளுடைய செருப்பு அறுந்துபோனது. கால் விரலில் ரத்தம். “காலை ஒழுங்கா வச்சுக்க மாட்டியா” என்று அவளைத்தான் திட்டினேன். வண்டிக்குப் பக்கத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியாத அந்த மூலையில், தினமும், இரண்டு வேளையும், அவளுடைய இரண்டு கால்களும் இருந்திருக்கின்றன. பஸ்கள் உரசிக்கொண்டு போகிற பாலத்தில். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த பயத்தைப் போல அதற்கு முன்னால் வந்ததில்லை. என்ன ஆகியிருக்கும் என்பதை நான் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. அதை வருடக்கணக்கில் போட்டோவோடு படித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பொய் சொன்னேன். மனைவி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “சரி, பஸ்ல போவோம்” என்றாள். ஏன், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸில் கூட்டம், இருவரும் தள்ளித் தள்ளி நின்றோம். அவளைத் தில்லை நகரில் இறக்கிவிட்டு, அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன்.

எழுத்துப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை படித்தேன். பார்வை பிரமாதமாக இருக்கிறது என்றார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு நான் அந்த மூலையைப் பற்றிச் சொன்னதும், உள்ளே ஒரு இருட்டு அறைக்கு அனுப்பினார்கள். ஒரு கண்ணை ஒட்டிவிட்டு, பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். நடுவில் இருக்கும் மஞ்சள் பொட்டை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும்.

புள்ளி வந்தது, அழுத்தினேன். வந்தது, அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் கருவிக்குள் மெல்லிய ஓசை ஒன்று கேட்பதைக் கவனித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓசை மட்டும் கேட்டது, புள்ளி இல்லை. மறுபடி ஓசை, புள்ளி இல்லை. எங்கேயோ அது வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அடுத்த ஓசை கேட்டதும் அழுத்திவிட்டேன். அதற்கடுத்ததற்கும். கையில் நல்ல சீட்டு இல்லாத ஆட்டக்காரன் இருப்பதுபோல நடிப்பான். நான் ஒரு இயந்திரத்திடம் நடித்துக்கொண்டிருந்தேன். தாளம் தப்பாமல் அழுத்தினால் அது நம்பிவிடும், கண்ணில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடும், நான் வீட்டுக்குப் போகலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

கருவி நின்றது. “சார், லைட் வராதப்பவும் அழுத்துறீங்க” என்றாள் அந்தப் பெண். “நடுநடுவுல இது சும்மா சத்தம் மட்டும் போட்டுப் பாக்கும். மறுபடி முதல்லேர்ந்து பண்ணணும்.”

“தெரியற மாதிரி இருந்துச்சும்மா.”

“தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க சார். தெரியலைன்னா விட்டுடுங்க, தப்பில்ல.”

அவள் எல்லோரிடமும் சொல்வதுதான். மறுபடி முகத்தை வைத்தேன். ஓசை கேட்டது, புள்ளி இல்லை, விரலை அசைக்காமல் வைத்துக்கொண்டேன். மறுபடி ஓசை, மறுபடி இல்லை. தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நான் ஆடிய எந்த ஆட்டத்திலும் இவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டதில்லை. எவ்வளவு நேரம் ஆனதோ, முடிந்தபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது. வெளியே வந்ததும் சொட்டு மருந்து விட்டு, விழிக்குள்ளே பார்த்தார்கள்.

டாக்டரம்மாவின் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று. இரண்டிலும் கீழே இடது கால்பகுதி கறுப்பாக அச்சாகியிருந்தது. போக்கர் மேஜையில் ஆள் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியாமல் போன அதே இடம்.

“கண்ணுல கோளாறு இல்ல சார்” என்றார். “ரெண்டு கண்ணுலயும் ஒரே மூலை போயிருக்கு. அப்படின்னா பிரச்சினை பின்னாடி, மூளையில. ஒரு வருஷத்துக்குள்ள எப்பவாவது கடுமையா தலைவலி வந்துச்சா?”

வந்தது. தீபாவளி கழிந்து ஒரு நாள் அலுவலகத்திலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தைலம் தேய்த்து, மாத்திரை போட்டு, மறுநாள் சரியாகிவிட்டது. பித்தம் என்றார்கள், நானும் அப்படியே நம்பினேன்.

“பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

“சில நாள் மறந்துடும்.”

அவர் எதையோ எழுதினார். “இன்னிக்கே தலைக்கு ஸ்கேன் எடுத்துடுங்க.”

“கட்டியா டாக்டர்?”

“பாக்காம எதையும் சொல்ல வேண்டாம். எதுல வந்தீங்க?”

“பஸ்ல.”

“நல்லது. வண்டி ஓட்டவே கூடாது. கூட யாரு வந்திருக்காங்க?”

அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. அதுவரைக்கும் இது எனக்கும் ஒரு இயந்திரத்துக்கும் நடந்த விஷயமாக இருந்தது. வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தேன். கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், வா என்று மட்டும் சொன்னேன். சொட்டு மருந்தில் எல்லாம் மங்கலாக இருந்தது. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். எப்போது வந்தாள் என்று தெரியாது. யாரோ கையைத் தொட்டார்கள். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினால் அவள் என் இடப்பக்கத்து நாற்காலியில் இருந்தாள். எனக்கு அவள் திடீரென்றுதான் வந்தாள்.

சொன்னேன். கீழே இடப்பக்கம் எனக்குத் தெரியவில்லையாம், பல மாதமாகவே தெரியவில்லையாம் என்று சொன்னேன். தாள்களை வாங்கிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கறுப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “அதான் தினமும் சொல்லிட்டே வந்தேனே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் படுத்திருந்தது பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தடதடவென்று சத்தம், அசையக் கூடாது, அசையாமல் இருந்தால் மனம் எங்கெங்கோ போனது. கட்டி என்றால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன். கட்டி இல்லை. மூளைக்குப் போகும் ஒரு சின்ன ரத்தக்குழாயில் எப்போதோ அடைப்பு ஏற்பட்டு, பார்வைக்கான இடத்தில் ஒரு துண்டு செத்துப்போயிருக்கிறது. தலைவலி என்று தைலம் தேய்த்த அன்றாக இருக்கலாம். போன பார்வை திரும்ப வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இன்னொரு அடைப்பு வராமல் பார்த்துக்கொள்வதற்கு மாத்திரைகள் தந்தார்கள். இப்போது மறப்பதில்லை. லேசாகத் தலை வலித்தால்கூட உடனே ஒரு சுவரைப் பார்த்து, எந்த மூலையாவது புதிதாகக் காணாமல் போயிருக்கிறதா என்று தேடுகிறேன். இருக்கிறது என்று என் கண் சொல்வதை நான் இனி நம்புவதற்கில்லை. அந்தப் பயம் என்னோடேயே எழுந்திருக்கிறது, என்னோடேயே படுக்கிறது.

தொட்டியத்து நண்பன் போன் செய்தான். விவரமெல்லாம் கேட்டான். “அதிர்ஷ்டம்னு சொன்னா காபி நான்தான் வாங்கணும், பரவால்ல” என்றான். “அதிர்ஷ்டம்டா மாப்ளே. பாலத்துல ஒண்ணும் ஆகலை பாரு.”

மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் பஸ்ஸில் இடம் கிடைத்தது. மனைவி ஜன்னல் ஓரம், நான் அவளுக்கு வலப்பக்கம். மாம்பழச் சாலை தாண்டிப் பாலத்தில் ஏறியதும், அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, “அட, தண்ணி இவ்வளவு வந்துடுச்சா? எப்ப வந்துச்சு?” என்றாள்.

“ஆடியிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்.”

“நான் எங்க பாத்தேன்.”

அவள் வழக்கமாக எதைப் பார்த்துக்கொண்டு வந்தாள் என்பது எனக்கு இப்போது தெரியும். சைக்கிளை, குழியை, ஓரமாக நடந்துபோகிற அம்மாவை. இவ்வளவு பெரிய ஆறு முகத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தும், சாலையின் அந்த ஒரு முழ ஓரத்தை விட்டு அவள் கண்ணை எடுத்ததே இல்லை. வண்டியை நினைத்து நான் பயப்படத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே எனக்கும் சேர்த்துப் பயந்துகொண்டு வந்திருக்கிறாள்.

“அவ்வளவு பயமா இருந்துச்சுன்னா நீ பஸ்லயே போயிருக்கலாமே” என்றேன். “ஏன் என்கூட வண்டியில வந்தே?”

அவள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

“நான் பஸ்ல போயிட்டா, பாலத்துல உங்களுக்கு யாரு சொல்லுவா?”

பஸ் மெதுவாகத்தான் போனது. நான் தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன், அப்படித் திருப்பினால்தான் அவள் எனக்குத் தெரிவாள். பாலம் முடியும்வரை அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.